வெயில் நேரத்தில் மின்சாரக் கார் ஏன் இரைகிறது?

மின்சாரக் காருக்கு மாறியவர்களிடம் அதில் பிடித்தது எது என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் முதலில் சொல்வது அதன் அமைதியைத்தான். அதே ஆட்கள் முதல் கோடையில் வேறொன்றைச் சொல்லத் தொடங்குகிறார்கள். உச்சி வெயிலில் விரைவு சார்ஜரைச் செருகிவிட்டு வெளியே நிற்கும்போது, முதலில் 'டக்' என்று ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், விழுகிறது. பிறகு, காதை வைத்துக் கேட்டால் மட்டுமே தெரியும் அளவுக்கு ஒரு பம்ப் முனகுகிறது. சில நிமிடங்கள் கழித்து முன்பக்கத்து விசிறி மெல்ல எழும்பி, மேலும் எழும்பி, யாரோ வாக்குவம் கிளீனரை ஓடவிட்டு பானெட்டுக்குள் வைத்து மூடியதுபோல் இரையத் தொடங்குகிறது. காருக்குள் ஆள் இல்லை, ஏசியை அணைத்தாயிற்று, சக்கரமும் சுற்றவில்லை. பின் எதற்கு இந்தச் சத்தம் என்று கேட்பது நியாயம்தான்.

'ஏசி சத்தம்' என்று நாம் அதற்குப் பெயர் வைத்ததிலேயே குழப்பத்தின் பாதி இருக்கிறது. பெட்ரோல், டீசல் வண்டிகளில் ஏசி என்பது உட்கார்ந்திருப்பவரின் வசதிக்கான துணைக்கருவி. அது கெட்டாலும் வண்டி ஓடும். இன்றைய மின்சாரக் கார்களில் பெரும்பாலானவற்றில் ஏசியின் வாயுவை அழுத்தும் அதே கம்ப்ரஸர், அதன் வெப்பத்தை வெளிக்காற்றில் விடும் அதே கண்டென்சர், அதே விசிறிதான் பேட்டரியையும் குளிர்விக்கின்றன. ஆகவே வெயில் காலத்தில் நம் காதில் விழும் இரைச்சலில் கணிசமான பங்கு நமக்காக எழுவதே அல்ல. நமக்குக் கீழே, தரைத்தட்டுக்கு அடியில் படுத்திருக்கும் பேட்டரிக்காக எழுவது.

லித்தியம் அயான் பேட்டரிக்கு ஏற்ற வெப்பநிலை, தோராயமாக 20 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை என்று கொள்ளலாம். அதற்கு மேல் போகப் போக உள்ளே நடக்கும் வேண்டாத வேதிவினைகள் வேகம் பிடித்து, பேட்டரியின் ஆயுளைத் தின்னும். வெளியே 20 டிகிரி இருக்கும் நாளில் பேட்டரியைக் காப்பது எளிது. அதைச் சுற்றி ஓடும் கூலன்ட் திரவத்தை முன்பக்கத்து ரேடியேட்டருக்கு அனுப்பினால் போதும். வருகிற காற்றே வெப்பத்தை எடுத்துச் சென்றுவிடும். வெளியே 40 டிகிரி என்றால் இந்த வழி அடைபட்டுவிடுகிறது. விசிறியால் காற்றை எவ்வளவு வேகமாகவும் இழுக்க முடியும், ஆனால் ரேடியேட்டருக்குள் இருக்கும் திரவத்தை அந்தக் காற்றைவிடக் குளிராக்க முடியாது. 40 டிகிரிக் காற்றைக் கொண்டு 30 டிகிரிப் பேட்டரியைக் குளிர்விக்க வேண்டுமானால், வெப்பத்தைக் கீழிருந்து மேலே 'ஏற்றி'த் தள்ளும் கம்ப்ரஸரைத் தவிர வேறு வழியில்லை. இதற்காகவே ஏசியின் குளிர்பதனச் சுற்றிலிருந்து ஒரு கிளை பிரிந்து, 'சில்லர்' எனப்படும் சிறிய வெப்பப் பரிமாற்றிக்குப் போகிறது. அங்கே குளிர்பதனப் பொருள், அதாவது மெக்கானிக்குகள் வழக்கில் 'கேஸ்', பேட்டரியின் கூலன்ட்டைக் குளிர்விக்கிறது. வசந்த காலத்தில் வாய்திறக்காத கார் கோடையில் இரைவதற்கு இதுவே முதல் காரணம்.

சார்ஜ் செய்யும்போது எவ்வளவு வெப்பம் பிறக்கிறது என்பதை ஒரு சிறு கணக்கால் பார்த்துவிடலாம். மின்னோட்டத்தின் வர்க்கத்தை உள்மின்தடையால் பெருக்கினால் வெப்பம் கிடைக்கும். ஒரு பேட்டரியின் மொத்த உள்மின்தடை 0.06 ஓம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் 7 கிலோவாட் சார்ஜரில் போடும்போது பேட்டரிக்குள் போவது ஏறத்தாழ 20 ஆம்பியர். அதனால் எழும் வெப்பம் வெறும் 24 வாட். விரைவு சார்ஜரில் 200 ஆம்பியர் போனால் 2,400 வாட். 400 ஆம்பியர் போனால் 9,600 வாட். ஒன்றரை டன் வீட்டு ஏசி ஒன்றின் குளிர்விக்கும் திறன் சுமார் 5,300 வாட் என்பதை நினைவில் வைத்தால், கடைசி எண்ணின் கனம் புரியும். மின்னோட்டம் இரட்டிப்பானால் வெப்பம் நான்கு மடங்காகிறது. 'வீட்டில் போட்டால் சத்தமே இல்லை, வெளியே போட்டால் அலறுகிறது' என்ற முறையீட்டுக்கு விடை இந்த வர்க்கத்தில்தான் இருக்கிறது. காரில் எந்தக் கோளாறும் இல்லை.

வண்டியைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் போன பிறகும் விசிறி ஓடிக்கொண்டிருப்பது பலரைக் கலவரப்படுத்துகிறது. பேட்டரியின் எடை 450 கிலோ என்று கொண்டால், அதன் வெப்பநிலையை 10 டிகிரி இறக்குவதற்குச் சுமார் 45 லட்சம் ஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். சில்லர் நொடிக்கு 4,000 ஜூல் வீதம் இறைத்தாலும் அதற்கு 19 நிமிடம் பிடிக்கும். நெடுஞ்சாலையில் விரைந்து வந்து, உடனே சார்ஜ் போட்டு, மீண்டும் விரைந்து வீடு சேர்ந்த காருக்கு இந்த இருபது நிமிடம் அதிகமில்லை. எஞ்சின் வண்டியிலும் நிறுத்திய பின் விசிறி சிறிது நேரம் ஓடுவதுண்டு; அங்கே அது ஓரிரு நிமிடங்களில் அடங்கிவிடுவதால் நாம் கவனித்ததில்லை.

இந்த இரைச்சலே வேண்டாம் என்று ஒரு காரை வடிவமைக்க முடியாதா? முடியும், அப்படி வந்த கார்களும் உண்டு. 2010-இல் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் காரின் முதல் இரு தலைமுறைகளில் பேட்டரிக்குத் திரவக் குளிர்விப்பு கிடையாது. பேட்டரி தன் வெப்பத்தைத் தன் உறையின் வழியே மெல்ல விட்டுக்கொண்டிருக்கும். அதற்கான விலையை அவை வேறு வகையில் செலுத்தின. வெயில் மிகுந்த பகுதிகளில் தொடக்ககால லீஃப் கார்களின் பேட்டரித் திறன் விரைவாகக் குறைந்தது; பின்னர் வந்தவற்றில், ஒரே நாளில் அடுத்தடுத்து விரைவு சார்ஜ் போட்டால் சார்ஜ் ஏறும் வேகத்தைக் காரே குறைத்துக்கொண்டது. சத்தத்தை நினைத்து எரிச்சல்படும்போது இந்த மாற்று ஏற்பாட்டையும் நினைத்துப் பார்ப்பது நல்லது.

இனி, சத்தம் எங்கே பிறக்கிறது என்பதைப் பார்க்கலாம். முதல் இடம் கம்ப்ரஸர். மின்சாரக் கார்களில் பெரும்பாலும் இருப்பது 'ஸ்க்ரோல்' வகை. ஒன்றுக்குள் ஒன்றாகப் பொருந்திய இரண்டு சுருள்களில் ஒன்று அசையாமல் இருக்க, மற்றது அதைச் சுற்றி ஊசலாடியபடி வாயுவை ஓரத்திலிருந்து மையத்துக்கு நெருக்கிச் செல்லும். பிஸ்டன் வகையைவிட இது இயல்பிலேயே அதிர்வு குறைந்தது. ஆனால் வெயில் ஏறினால் அதன் வேலை கடுமையாகிறது. கண்டென்சரில் இருக்கும் கேஸ் வெளிக்காற்றைவிடப் பதினைந்து இருபது டிகிரி சூடாக இருந்தால்தான் வெப்பம் காற்றுக்குப் போகும். வெளியே 25 டிகிரி என்றால் கண்டென்சர் 40 டிகிரியில் இருந்தால் போதும். கார் ஏசிகளில் பயன்படும் கேஸ்களில் ஒன்றான ஆர்134ஏ வாயுவுக்கு அந்த வெப்பநிலையில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 10 மடங்கு. வெளியே 42 டிகிரி என்றால் கண்டென்சர் 60 டிகிரிக்கு ஏற வேண்டும். அழுத்தம் ஏறத்தாழ 17 மடங்காகும். அழுத்த வேறுபாடு கூடுகிறது, அதே நேரத்தில் காருக்குள்ளும் பேட்டரியிலும் அகற்ற வேண்டிய வெப்பமும் கூடுகிறது. இரண்டையும் சமாளிக்கக் கம்ப்ரஸர், நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கும் குறைவாகச் சோம்பலாக ஓடிய நிலையிலிருந்து 8,000 சுற்று வரை எகிறுகிறது.

இரண்டாவது இடம், வெளியே நிற்பவர்களுக்கு முதன்மையான இடம், கண்டென்சர் விசிறி. விசிறிகளுக்கு ஒரு பொல்லாத கணக்கு உண்டு. வேகத்தை இரட்டிப்பாக்கினால் காற்று இரு மடங்குதான் வரும். தேவைப்படும் மின்திறன் எட்டு மடங்காகும். சத்தமோ ஏறத்தாழ 15 டெசிபெல் உயரும். 10 டெசிபெல் கூடினாலே காதுக்கு இரு மடங்குச் சத்தமாகத் தோன்றும் என்பதால், 15 டெசிபெல் என்பது சிறிய ஏற்றமல்ல. இந்தக் கணக்கைத் திருப்பியும் போடலாம்: விசிறியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைக்க முடிந்தால் சுமார் 5 டெசிபெல் இறங்கும். கண்டென்சரின் பரப்பைக் கூட்டி, விசிறியின் விட்டத்தையும் பெரிதாக்கினால் அதே குளிர்விப்பை மெதுவான சுழற்சியிலேயே பெறலாம். ஆனால் காற்றுத்தடையைக் குறைப்பதற்காக இக்கார்களின் முன்முகத்தை மூடி, கீழே ஒரு சிறு பிளவு மட்டும் விடுவது வழக்கமாகிவிட்டது. ஓடும்போது கிடைக்கும் ரேஞ்சுக்காக, அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரத்துக்காக, செய்த அந்த ஏற்பாட்டின் கடனை, நிற்கும்போது விசிறி தன் தொண்டையால் அடைக்கிறது.

பழைய வண்டிகளிலும் கம்ப்ரஸர் இருந்தது, விசிறி இருந்தது. அப்போது ஏன் நமக்கு இவ்வளவு உறைக்கவில்லை? அங்கே கம்ப்ரஸரை எஞ்சின்தான் பெல்ட் மூலம் சுழற்றியது. சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடுவதால் கம்ப்ரஸரும் மெதுவாகவே ஓடும். பழைய வண்டிகளில் நெரிசலில் ஏசி மந்தமானதற்கும் அதுவே காரணம். மின்சாரக் கம்ப்ரஸருக்குத் தனி மோட்டார் இருப்பதால், கார் அசையாமல் நிற்கும்போதும் அது முழு வேகத்தில் ஓட முடியும். போதாததற்கு, சத்தத்தை மூடி மறைக்க எஞ்சினின் உறுமல் இல்லை. மணிக்கு 80 கிலோமீட்டரில் டயரும் காற்றும் எழுப்பும் இரைச்சலில் கம்ப்ரஸர் கரைந்துவிடும். நின்ற நொடியில் அது தனியாகக் கேட்கும். சத்தம் அதிகமாக எழுவதைவிட, எழும் சத்தம் மறைவின்றி நிற்பதுதான் பெரிய மாற்றம் என்பது என் கணிப்பு. இன்னொரு வேடிக்கையும் உண்டு. மெதுவாக நகரும் மின்சாரக் கார் பாதசாரிகளுக்குக் கேட்பதில்லை என்பதற்காக, மணிக்கு 20 கிலோமீட்டர் வரை அது செயற்கையாக ஓர் ஒலியை எழுப்ப வேண்டும் என்று ஐ.நா.வின் 138-ஆம் எண் வாகன விதி சொல்கிறது. கோடைப் பிற்பகலில் ஏசி ஓடும் காருக்கு அந்த உதவி தேவைப்படாது.

காருக்குள் இருப்பவரை எரிச்சலூட்டுவது வேறு வகைச் சத்தம். கம்ப்ரஸர் நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடினால் நொடிக்கு 100 அதிர்வு. அந்த ஒரே சுருதியும் அதன் மடங்குகளும் ரீங்காரமாகக் கேட்கும். காற்று வீசும் 'ஸ்ஸ்' என்ற கலவை இரைச்சலை மூளை சில நிமிடங்களில் ஒதுக்கிவிடும். சுருதி பிடித்த ரீங்காரத்தை ஒதுக்காது, அளவில் அது குறைவாக இருந்தாலும்கூட. முன்பெல்லாம் கம்ப்ரஸர் பெரும் எடையுள்ள எஞ்சினில் தொங்கியது. அந்த எடையே அதன் அதிர்வை விழுங்கியது. இப்போது அது மோட்டார் கூட்டிலோ சட்டகத்திலோ ரப்பர் புஷ்கள் மீது அமர்ந்திருக்கிறது. புஷ் இறுகிப்போனாலோ, ஒரு கேஸ் குழாய் உடல்தகட்டில் எங்காவது உரசினாலோ, அதிர்வு இரும்பின் வழியாகவே ஸ்டியரிங்குக்கும் இருக்கைக்கும் வந்து சேரும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் கதவுத் தகடோ டாஷ்போர்டோ கூடவே பாடத் தொடங்குவது இந்த ஒத்ததிர்வால்தான். அந்த வேகத்தில் கம்ப்ரஸர் தங்காமல் தாவிச் செல்லும்படி மென்பொருளில் எழுதிவிடலாம். இரட்டை விசிறி உள்ள கார்களில் இரண்டின் வேகமும் மிக நெருக்கமாக, ஆனால் சமமாக இல்லாமல் இருந்தால், 'வ்வோம்... வ்வோம்...' என்று ஏறி இறங்கும் ஒரு விம்மல் கேட்கும்.

டாஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து வரும் சீறல் விரிவு வால்வினுடையது. உயர் அழுத்தத் திரவம் சிறு துளை வழியே பீறிட்டுக் குளிரும் இடம் அது. ஏசியைப் போட்ட முதல் சில நொடிகளில் சீறுவது இயல்பு. காற்றைத் தள்ளும் புளோயரைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் சொல்லலாம். உட்காற்றையே சுழற்றும் 'ரீசர்குலேஷன்' நிலையில் அது காற்றைக் காருக்குள்ளிருந்தே, பெரும்பாலும் முன்பயணியின் கால்பக்கத்திலிருந்து உறிஞ்சுவதால், அதன் வாய் நம் பக்கம் திறந்திருக்கிறது. அதே வேகத்திலும் சத்தம் கூடுதலாகக் கேட்கும். ஆனால் 42 டிகிரி வெளிக்காற்றுக்குப் பதிலாக ஏற்கெனவே குளிர்ந்த காற்று மீண்டும் குளிர்விக்கப்படுவதால் கம்ப்ரஸரின் சுமை குறையும். முதல் பத்து நிமிடம் இந்தச் சத்தத்தைச் சகித்துக்கொண்டால் அடுத்த ஒரு மணி நேரத்துக்கு அமைதி கிடைக்கும்.

சுமையைக் குறைப்பதே சத்தத்தைக் குறைக்கும் வழி என்பதால், பயனுள்ள யோசனைகள் எல்லாம் அந்த ஒரு திசையிலேயே போகின்றன. வெயிலில் நின்ற காரின் உள்ளே வெப்பநிலை 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். உட்கார்ந்ததும் 'லோ' என்று வைத்தால் எல்லாக் கருவிகளும் உச்சத்துக்குப் போகும். கதவுகளை ஒரு நிமிடம் திறந்துவைத்து வெப்பக் காற்றை வெளியேற்றிவிட்டு, 24 அல்லது 25 டிகிரியில் 'ஆட்டோ' வைத்தால் விசிறி தன் வேகத்தைத் தானே இறக்கிக்கொள்ளும். அதைவிட நல்லது, கிளம்புவதற்குக் கால் மணி முன்பே, சார்ஜரில் செருகியிருக்கும்போதே, செயலியின் மூலம் ஏசியைப் போட்டுவிடுவது. உச்சகட்டச் சத்தம் நாம் உள்ளே இல்லாத நேரத்தில் நடந்து முடிந்துவிடும், அதற்கான மின்சாரமும் பேட்டரியிலிருந்து போகாது. விரைவு சார்ஜுக்கு நிழலான இடத்தையோ, வெயில் தாழ்ந்த நேரத்தையோ தேர்ந்தெடுக்க முடிந்தால் அதுவும் உதவும். சார்ஜ் ஏறும்போது உள்ளே உட்கார்ந்து ஏசியையும் போட்டுக்கொண்டால், ஒரே கம்ப்ரஸருக்கு இரண்டு எசமானர்கள் ஆகிவிடுகிறார்கள். பல கார்கள் அந்த நேரத்தில் பேட்டரிக்கு முன்னுரிமை கொடுத்து நமக்கு வரும் குளிரைக் குறைத்துவிடும்.

இவ்வளவையும் சொன்ன பிறகு, பட்டறையில் வழக்கமாகக் கிடைக்கும் 'எல்லா வண்டியும் இப்படித்தான்' என்ற பதிலைப் பற்றியும் பேச வேண்டும். அது அரை உண்மை. சத்தம் எழுவது இயல்பு. எந்த அளவு, எந்த வகை, எப்போது என்பதில்தான் இயல்புக்கும் கோளாறுக்கும் வேறுபாடு. இயல்பான சத்தம் வெயிலோடும் சுமையோடும் சேர்ந்து சீராக ஏறி, சுமை குறைந்ததும் சீராக இறங்கும். குளிர்ந்த காலையில், சார்ஜும் போடாமல் இருக்கையில் அதே அளவு இரைந்தால் அது இயல்பல்ல. சத்தம் கூடியிருக்கிறது, ஆனால் குளிர் குறைந்திருக்கிறது என்றால் கேஸ் குறைந்திருக்கலாம் அல்லது அளவுக்கு மேல் நிரப்பப்பட்டிருக்கலாம். இவற்றைவிட அடிக்கடி நடப்பது, தூசியும் பூச்சியும் கண்டென்சரின் இடுக்குகளை அடைத்துக்கொள்வது. ஒரு பிளாஸ்டிக் பை காற்றுவாயில் ஒட்டிக்கொண்டாலே விசிறி உச்சத்திலிருந்து இறங்காது. உலோகம் உலோகத்தில் உரசும் ஒலி, கம்ப்ரஸர் தொடங்கும்போதும் நிற்கும்போதும் ஓர் அடி விழுவதுபோன்ற ஒலி, விசிறி நிற்கும் தறுவாயில் கரகரப்பு ஆகியவை பேரிங்கையோ புஷ்ஷையோ சுட்டுபவை. புளோயரிலிருந்து சீட்டுக்கட்டை விரல்விட்டுப் புரட்டுவதுபோல் 'படபட'வென்று கேட்டால், ஓர் இலைச்சருகு உள்ளே போயிருக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

சத்தத்தைப் பதிவு செய்யும்போது வெளி வெப்பநிலை, பேட்டரியின் சார்ஜ் அளவு, சார்ஜரின் வேகம், ஏசி வைத்திருந்த டிகிரி ஆகிய நான்கையும் குறித்துக்கொண்டு போனால் பட்டறையில் பேச்சு விரைவில் முடியும். காலை ஒன்பது மணிக்குக் குளிர்ந்த பேட்டரியோடு கொண்டுபோய் நிறுத்தினால் அந்தச் சத்தம் வராது; வராத சத்தத்தை யாரும் பழுதுபார்க்க முடியாது.

சொந்தமாகக் கைவைக்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கம்ப்ரஸருக்குப் போகும் ஆரஞ்சு நிறக் கம்பியில் ஓடுவது பேட்டரியின் முழு மின்னழுத்தம். காரைப் பொறுத்து அது 400 வோல்ட்டாகவோ 800 வோல்ட்டாகவோ இருக்கும். அதன் மோட்டார் குளிர்பதனப் பொருளுக்கும் எண்ணெய்க்கும் நடுவிலேயே மூழ்கியிருப்பதால், அந்த எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாததாக இருக்க வேண்டும். பெரும்பாலான மின்சாரக் கம்ப்ரஸர்கள் கேட்பது பி.ஓ.ஈ. வகை எண்ணெய், பெல்ட் கம்ப்ரஸர்களில் வழக்கமாக இருப்பது பி.ஏ.ஜி. வகை. பழைய வண்டிகளுக்குக் கேஸ் ஏற்றிய அதே இயந்திரத்தைச் சுத்தம் செய்யாமல் இதில் செருகினால், ஒட்டியிருக்கும் சிறிதளவு பழைய எண்ணெயே காப்புத்திறனைக் கெடுக்கக்கூடும். மின்கசிவைக் கண்காணிக்கும் கருவி அதை உணர்ந்ததும் உயர் மின்னழுத்தத்தைத் துண்டித்து, காரைக் கிளம்பவே விடாமல் நிறுத்திவைக்கலாம். கேஸ் ஏற்றப் போகுமுன், மின்சாரக் கார்களுக்கென்று தனி இயந்திரம் வைத்திருக்கிறார்களா என்று கேட்டுவிடுவது அதனால்தான் அவசியம்.